ஒரே துணியில் மூன்று தலைகள்

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவில் நடந்துவந்த உலக உடைப் பாணி வரலாற்றுக் கழகத்துக்குள் நுழைய வேண்டுமானால், நீங்கள் ஏதாவது ஒரு பத்தாண்டைச் சேர்ந்தவராக இருந்தாக வேண்டும். பெங்களூரில் குடியிருக்கிறேன், உயிரோடிருக்கிறேன் என்பதெல்லாம் அங்கே செல்லாது. வாசலிலேயே கேட்டுவிடுவார்கள், நீங்கள் இருபதுகளா, அறுபதுகளா, எண்பதுகளா என்று. பதில் தெரியாமல் விழித்தால், தெரியும்வரை வேப்பமரத்தடியில் உட்கார வேண்டியதுதான். கரண்ட் பில் கொண்டுவந்த ஆள் ஒருவர் மத்தியானம் வரை அப்படி உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசியில் தன்னை ஐம்பதுகள் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனார்.

உள்ளே அறைக்கு ஒரு காலம். முதல் அறையில் பாரிஸ் பெண்கள் கூந்தலைக் கத்தரித்துக்கொண்டு இடுப்பே இல்லாத கவுன் போட்ட இருபதுகள். அடுத்தது, உலகப்போர் முடிந்து துணி தாராளமாகக் கிடைத்த சந்தோஷத்தில் பாவாடையை அகலமாக்கிக்கொண்ட காலம். அந்த அறைப் பேராசிரியை உட்கார்ந்தால் பக்கத்தில் இரண்டு நாற்காலி வீண். அறுபதுகளுக்கு சில்வெஸ்டர் சார். லண்டன் வாலிபர்கள் போட்ட ஒடுக்கமான கால்சட்டை என்பதால் அவரால் உட்காரவே முடியாது. எல்லா மீட்டிங்கிலும் நின்றபடிதான் பேசுவார். ஹிப்பிகளுக்கு மொட்டைமாடி. எண்பதுகளின் பேராசிரியைக்குத் தோளில் வைத்துத் தைத்த பஞ்சு மூட்டைகளால் கதவு போதவில்லை, பக்கவாட்டில்தான் நுழைவார். தொண்ணூறுகளின் கிழிசல் பேண்ட்டுகள் கிழிசல் பெரிதாகிவிடாதபடி ஏர்கண்டிஷனில் இருந்தன. கலகத்தையே உடையாகப் போட்டுக்கொண்ட பங்க் பாணி அறையில் கலகம் செய்ய விரும்பும் மாணவர்கள் முந்தைய நாளே அனுமதி வாங்க வேண்டும். ஸ்டோரில் சேஃப்டி பின் வாங்கிக் காதில் குத்திக்கொண்டு, கலகம் முடிந்ததும் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு பாணியும் முந்தைய பாணியை ஒழிக்க வந்தது என்பதால் அடுத்தடுத்த அறைக்காரர்கள் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. இது பகை இல்லை, பாடத்திட்டம்.

இந்த இடத்துக்குத்தான் பெருமாள்சாமி அட்டெண்டராக வந்து சேர்ந்தார். கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் வேலை பார்த்த மனிதர். சுரங்கத்தை இழுத்து மூடிவிட்டார்கள். அதற்கு முந்தின வருஷம்தான் மனைவி தனலக்ஷ்மி காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தாள். ஒரே மகள் மலர் கல்யாணமாகிப் புருஷனோடு மஸ்கட்டில். ஆக, வீட்டில் ஆளும் இல்லை, ஊரில் வேலையும் இல்லை. தங்கவயலில் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பக்கத்தில் குடியிருந்த முனியப்பன் சொல்லிவிட்டதில் இங்கே வேலை கிடைத்தது. அடுகோடியில் லேத்துப் பட்டறை ஒன்றுக்கு மேலே ஒற்றை அறை எடுத்துத் தங்கினார். பட்டறை ஓடும்வரை அறையில் யாரோ இருப்பதுபோல இருக்கும். மூடிவிட்டால் ஒன்றுமே இருக்காது.

சேர்ந்த அன்றே டைரக்டர் ஜகதாம்பாள் மேடம் அவரை நிற்கவைத்துக் கேட்டார்.

"நீங்க எந்தப் பத்தாண்டு?"

"எனக்கு அதெல்லாம் தெர்யாது மேடம். காப்பி போடுவேன். தூசி தட்டுவேன்."

மேடம் மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சாம்பல் நிறத்தில் ஒரு யூனிபார்ம் கொடுக்கச் சொன்னார். சாம்பல் எந்தக் காலத்தையும் சேர்ந்ததில்லையாம். அதைப் போட்டுக்கொண்டவரை யாரும் பார்க்க வேண்டியதில்லை. சொன்னதுபோலவே யாரும் பார்க்கவில்லை. காப்பி தம்ளர் தானாக மேசைக்கு வந்துவிட்டதுபோல எடுத்துக் குடித்தார்கள். பேச்சுத்துணைக்கு அவருக்கு வாய்த்தது அறை அறையாக நின்ற பொம்மைகள்தான். காலையில் தூசி தட்டும்போது, "இன்னாம்மா, ஒரே நிலையில நிக்கிறியே, கால் வலிக்கலியா?" என்று கேட்பார். இருபதுகளின் பொம்மை கொஞ்சம் கர்வக்காரி. ஐம்பதுகள் பரவாயில்லை.

சனிக்கிழமைகளில் யூனிபார்ம் சலவைக்குப் போகும். அப்படியொரு சனிக்கிழமைதான் அவர் தம் சொந்தச் சட்டையைப் போட்டு வந்தார்.

அந்தச் சட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கத்திரிக்காய் நிறம், அதன்மேல் கோழிமுட்டை அளவில் மஞ்சள் வட்டங்கள். மலர் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம், தீபாவளிக்கு சொசைட்டி கடையில் விற்காமல் கிடந்த அந்த டெரிகாட்டன் தானை, வெட்டாத துணிச்சுருளை, தனலக்ஷ்மி முழுசாக எடுத்து வந்துவிட்டாள். தங்கவயலில் பாதி வீடுகளில் அதுதான் வழக்கம். ஒரு தான் எடுத்தால் குடும்பத்துக்கே ஆயிற்று. அவருக்குச் சட்டை, குழந்தைக்குக் கவுன், தனக்கு ஜாக்கெட். மிச்சத்தில் ஜன்னலுக்குக் கர்ட்டன், தலையணை உறை, ரேடியோவுக்குக்கூட ஒரு உறை. தீபாவளியன்று போட்டோக்காரர் வீட்டுக்கே வந்து, கர்ட்டனுக்கு முன்னால் மூவரையும் உட்காரவைத்து, "சார், கொஞ்சம் நகருங்க, அம்மாவுக்கு எடம் விடுங்க" என்று சொல்லிப் படம் எடுத்தார். படம் வந்தபோது எது சட்டை, எது கவுன், எது கர்ட்டன் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. ஒரே துணி, அதில் மூன்று தலைகள். லைன் முழுக்க வந்து பார்த்துச் சிரித்தது. தனலக்ஷ்மிதான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தாள்.

பிறகு கவுன் சின்னதாகிப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் போயிற்று. கர்ட்டன் நைந்து அடுப்படித் துணியாயிற்று. படம் மழை ஒழுகி அழிந்தது. தனலக்ஷ்மியை அந்த ஜாக்கெட்டோடுதான் அடக்கம் செய்தார்கள். அந்தத் தானில் மிஞ்சியது இந்தச் சட்டை ஒன்றுதான். அந்தக் குடும்பத்தில் மிஞ்சியதும் அதுதான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அதனால் அதை அடித்துத் துவைக்க மாட்டார், அலசித்தான் போடுவார்.

மேடம் வராந்தாவில் அவரைப் பார்த்ததும் அலறிவிட்டார். அரைமணி நேரத்தில் விசாரணைக் கமிட்டி கூடிற்று. வளாகத்துக்குள் வகைப்படுத்தப்படாத உடை என்பது குற்றச்சாட்டு. சில்வெஸ்டர் சார் நின்றபடி தலைமை வகித்தார்.

"பிரிண்ட்டப் பாத்தா எங்க அறுபதுகள்" என்றார் அவர். "காலர் நீளத்தப் பாத்தா எழுபதுகள். தையல் எண்பதுகள். ஒரே சட்டைல மூணு காலம். இது சட்டவிரோதம்."

பேசாத பேராசிரியர்கள் எல்லாம் அன்றைக்குப் பேசினார்கள். காலரை மட்டும் அறுத்து எழுபதுகளிடம் கொடுத்துவிடலாம் என்றுகூட ஒரு யோசனை வந்தது. பெருமாள்சாமி இரண்டு கையாலும் காலரைப் பிடித்துக்கொண்டார்.

"சார், அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். என் வீட்ல எடுத்தது. முழு தானா எடுத்துட்டாங்க. எனக்கு சட்ட, பாப்பாக்கு கவுனு, அவங்களுக்கு ஜாக்கெட்டு. மிச்சம் இருந்துச்சு, கர்ட்டன் தெச்சாங்க."

எல்லாரும் காலரை விட்டுவிட்டு அவர் வாயைப் பார்த்தார்கள்.

"என்ன சொன்னீங்க? கர்ட்டனா?" என்றார் மேடம் மெல்லிய குரலில்.

"ஆமா மேடம். ரேடியோக்குக்கூட."

மேடம் எழுந்து ஜன்னலண்டை போய் நின்றார். திரும்பியபோது அவர் முகம் புதையல் எடுத்தவர் முகமாக இருந்தது.

"ஃப்ரெண்ட்ஸ், நூறு வருஷமா உடம்புக்கு மட்டும்தான் டிரஸ் பண்ணிட்டிருக்கோம். இந்த மனுஷன் உடம்பையும் வீட்டையும் ஒரே துணில கரைச்சிருக்கான். பாரிஸ் நெனச்சே பாக்காத விஷயம். ஏழைங்களுக்கு ஸ்டைல் இல்லன்னு சொல்றவங்க முட்டாள்ங்க. அவங்ககிட்ட ஸ்டைல் இருக்கு. அது ஸ்டைல்னு அவங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அதனாலதான் அது நம்மளோடது ஆகுது."

கைதட்டினார்கள். அங்கேயே 'ஒன் கிளாத் மூவ்மென்ட்' பிறந்தது. பிறந்ததும் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். ஒரு வாரம் ஆராய்ச்சி செய்துவிட்டுத் தருவதாகச் சொல்லி, வெள்ளைக் கையுறை போட்டு வாங்கிக்கொண்டார்கள். பெருமாள்சாமி பனியனோடு நின்றார். ஹிப்பிகளிடமிருந்து ஒரு பூப்போட்ட ஜிப்பா கடன் வாங்கிக் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு அடுகோடி பஸ்ஸில் அவர் போனதை இங்கே விவரிக்க வேண்டாம்.

திங்கட்கிழமை மேடம் கூப்பிட்டனுப்பினார்.

"மிச்ச பீஸெல்லாம் வேணும். அந்த ஜாக்கெட் எங்க?"

"அது அவங்களோட போய்டுச்சு மேடம்."

"எங்க போனாங்க? அட்ரஸ் குடுங்க, ஆள் அனுப்புறேன்."

"மேடம், அவங்க தவறிட்டாங்க. ஜாக்கெட்டோடதான் அடக்கம் பண்ணோம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் கல்நெஞ்சுக்காரர் இல்லை.

"ஐ ஆம் ஸோ ஸாரி. திரும்ப எடுக்க வழியே இல்லயா?"

பெருமாள்சாமி காப்பி தம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். பின்கட்டில் குழாயடியில் தம்ளரை ரொம்ப நேரம் கழுவிக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் ஒரு மாதமாயிற்று. சட்டை கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டது. அவர் சில்வெஸ்டர் சாரிடம் கேட்டுப்பார்த்தார்.

"சட்டை இப்ப உங்களுது இல்ல பெருமாள்சாமி, சரித்திரத்தோடது" என்றார் அவர் அன்பாக. "நீங்க வேணா தெனமும் கண்ணாடியத் தொடைக்கலாம். அந்த வேலய உங்களுக்கே போடச் சொல்லிருக்கேன்."

அதனால் தினமும் துடைத்தார். மற்ற கண்ணாடிகளைவிட அந்தக் கண்ணாடி எப்போதும் பளிச்சென்று இருந்தது. மேடம்கூட ஒருமுறை பாராட்டினார். வெளியிலிருந்து காலர் வரைக்கும் துடைக்கலாம், தொடத்தான் முடியாது. பொம்மைகளோடு பேசுவதையும் நிறுத்திவிட்டார். சட்டை கேட்டுக்கொண்டிருக்கிறது என்று ஒரு கூச்சம்.

அப்புறம்தான் அந்தக் கூத்து ஆரம்பித்தது. எங்கோ ஒரு மில்லில் அதே கத்திரிக்காய் நிறத்தில், அதே முட்டைகளோடு, துணியை மறுபடியும் அச்சடித்தார்கள். எம்.ஜி. ரோடு பக்கம் ஒரு ஹோட்டலில் பெரிய விழா. பெருமாள்சாமி மேடைக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு நின்றார். விளக்கு எரிந்தது. பின்னால் அந்தத் துணியில் மாபெரும் திரை; முன்னால் அதே துணியில் ஆணும் பெண்ணுமாக வரிசை. எது திரை, எது உடை என்று தெரியவில்லை. ஒரே துணி, அதில் தலைகள், தலைகள், தலைகள். அத்தனை தலைகளிலும் பெருமாள்சாமி ஒரு தலையைத் தேடினார். அது இருக்காது என்று தெரிந்தேதான் தேடினார். கண்ணில் நீர் வழிந்ததை மேடம் பார்த்துவிட்டார். "ஃபேஷன் ஒரு அட்டெண்டரையும் அழவெக்குது" என்று மறுநாள் பேட்டி கொடுத்தார்.

அந்த சீசன் பெங்களூர் பூராவும் அதுதான். பிரிகேட் ரோட்டில் காலேஜ் பெண்கள் அந்தத் துணியில் பேண்ட் போட்டுக்கொண்டு போனார்கள். கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்த கம்ப்யூட்டர் பையன்கள் சட்டையாகப் போட்டார்கள். ஒரு காப்பிக் கடையில் கர்ட்டனே தொங்கிற்று. ஆரம்பத்தில் ஒவ்வொரு தரமும் அவருக்குத் தூக்கிவாரிப் போடும். பஸ்ஸில் முன் சீட்டில் அந்த ஜாக்கெட்டைப் பார்த்தால் கூப்பிட வாயெடுத்துவிடுவார். அந்த அம்மாள் திரும்புவாள், வேறு யாரோ. நாளாக நாளாக ஏமாற்றம் குறைந்து, சொன்னால் சிரிப்பீர்கள், ஒரு உறவே வந்துவிட்டது. வெளியே போனால் யாராவது நம்மவர்கள் தென்படுவார்கள் என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை இல்லாவிட்டாலும் பஸ் ஏறிப் பிரிகேட் ரோட்டுக்குப் போய் ஓரமாக நிற்பார். ஒரு தரம் தைரியமாக ஒரு பையனிடம் பேச்சே கொடுத்துவிட்டார்.

"நல்லாக்குதுப்பா சட்ட. சாப்ட்டியா?"

"தாங்க்ஸ் அங்கிள்" என்றான் அவன், குழப்பத்தோடு ஒரு அடி தள்ளி நின்று. "இது டிசைனர் பீஸ்."

சாப்பிட்டானா இல்லையா என்று கடைசிவரை சொல்லவில்லை. இருந்தாலும் அன்றைக்கெல்லாம் பெருமாள்சாமி சந்தோஷமாக இருந்தார். மாலையில் மலரிடமிருந்து போன் வரும் கடைக்குப் போய்க் காத்திருந்து, எடுத்ததுமே சொன்னார்.

"மலரு, நம்ம துணிய ஊரே போட்டுக்குதும்மா!"

"எந்தத் துணிப்பா?"

"அதாம்மா, தீபாவளிக்கு அம்மா எடுத்தாங்களே, முட்ட போட்டது. நீ கவுனு போட்டியே. ரேடியோக்குக்கூட..."

அந்தப் பக்கம் குழந்தை அழுதது. "ஞாபகம் வல்லப்பா" என்றாள் மலர். "சின்னப் புள்ளல்ல நானு. நீ வேளைக்கு சாப்புடு. அடுத்த வாரம் பண்றேன்."

போனை வைத்துவிட்டு வெளியே வந்தார். அந்தத் துணியை ஊரே உடுத்தியிருந்தது. ஞாபகம் வைத்திருந்தவர் அவர் ஒருத்தர்தான்.

சீசன் உச்சத்தில் இருந்தபோது கமிட்டி மறுபடி கூடி, கண்ணாடிப் பெட்டியில் இருந்த சட்டையைச் சோதித்தது. நிறம் மங்கியிருக்கிறது, கை ஒன்று சற்று நீளம், முட்டைகள் சரியான வட்டமாக இல்லை. இது இயக்கத்தின் கொள்கைக்குப் பொருந்தாத மட்டமான நகல் என்று முடிவாயிற்று. புதுசாக ஒன்றைப் பெட்டிக்குள் மாட்டிவிட்டு, பழையதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு அவரிடமே கொடுத்தார்கள். பெருமாள்சாமிக்குத் தலைகால் புரியவில்லை. அங்கேயே, பின்கட்டிலேயே, போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அதுதான் தப்பாகப் போயிற்று.

"வளாகத்துக்குள்ள டூப்ளிகேட்டா?" மேடத்தின் குரல் உடைந்தது. "அசல் இயக்கம் நடக்குற எடத்துலயே?"

"மேடம், இதுதானே மொதல்ல வந்தது" என்றார் பெருமாள்சாமி.

சில்வெஸ்டர் சார் அவருக்குப் புரியும்படி விளக்கினார். "மொதல்ல வந்தா அசல் ஆகிடாது பெருமாள்சாமி. மொதல்ல யார் அறிவிச்சாங்களோ, அதான் அசல். நீங்க போட்டீங்க. அறிவிச்சீங்களா?"

"இல்ல சார்."

"பாத்தீங்களா."

அந்தச் சட்டை இனிக் கண்ணில் பட்டால் வேலை போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பதிலாக, எல்லா ஊழியர்களுக்கும் கொடுத்ததுபோல, இயக்கத்தின் அசல் சட்டை ஒன்றை அவருக்கும் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு காப்பி கொடுத்தார். துணி அதேதான். உள்ளேதான் யாரும் இல்லாததுபோல இருந்தது.

மழைக்காலம் முடிந்ததும் அறிவிப்பு வந்தது. இனி ஒன்றுமில்லாமைதான் பாணி; வெள்ளை, வேலைப்பாடில்லாதது, அச்சில்லாதது. ஒன் கிளாத் மூவ்மென்ட் நிறைவடைந்துவிட்டது. பாணி என்றால் முடிந்தாக வேண்டும், முடியாதது வெறும் பழக்கம் என்று மேடம் நிறைவு விழாவில் முழங்கினார்.

"ஒரு இயக்கத்த உருவாக்குறது ஈஸி. டயத்துக்குக் கொன்னுடறதுதான் கல்ச்சர். நாங்க கொல்லலன்னா ஜனங்க அதயே போட்டுக்கிட்டு சந்தோஷமா இருந்துடுவாங்க. அப்புறம் ஃபேஷன் எதுக்கு, இந்தக் கழகம் எதுக்கு?"

ஊழியர்கள் எல்லாரும் தங்கள் சட்டையைக் கொண்டுவந்து கூடையில் போட வேண்டும். தரை துடைக்க வெட்டப்படும். பெருமாள்சாமி வரிசையில் நின்றார். பையில் இரண்டும் இருந்தன. கூடைக்குப் பக்கத்தில் சில்வெஸ்டர் சார் நின்றார். பெருமாள்சாமி இரண்டையும் வெளியே எடுத்தார். சார் புதுச் சட்டையை வாங்கிக் கூடையில் போட்டுவிட்டு, பழையதைப் புறங்கையால் தள்ளினார்.

"அது வேணாம். அது எங்க இயக்கத்தச் சேந்ததே இல்ல. போலி. எங்க கூடைல விழக் கூடாது."

அந்தக் கழகம் தன் வாழ்நாளில் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். தெரிந்து செய்யவில்லை.

ஒரு வாரத்துக்குள் ஊர் வெளுத்துவிட்டது. பிரிகேட் ரோட்டில் வெள்ளை, பஸ்ஸில் வெள்ளை. காப்பிக் கடையில் மூங்கில் தட்டி. பெருமாள்சாமி ஞாயிற்றுக்கிழமை போய் நின்று பார்த்தார். நம்மவர்கள் ஒருவரும் வரவில்லை. அவ்வளவு பெரிய குடும்பம், ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் எங்கே போயிற்று என்று அவருக்குப் புரியவில்லை. தனலக்ஷ்மி போனபோதாவது லைன் முழுக்கக் கூட வந்தது. இந்தத் தடவை அவர் தனியாகத் திரும்பினார்.

கோடையில் வெளிநாட்டு விருந்தாளிகள் வந்தார்கள். மேடம் அவர்களைக் கண்ணாடிப் பெட்டி முன்னால் கூட்டிவந்து விளக்கினார். இந்தியா உலகுக்குக் கொடுத்த குறுகிய கால இயக்கம், ஒரே ஒரு சீசன் வாழ்ந்தது, இன்றைக்கு இதை உடுத்த இந்த நகரத்தில் ஒரு ஆள்கூட இல்லை என்றார். விருந்தாளிகள் உச்சுக்கொட்டினார்கள். பெருமாள்சாமி சாம்பல் யூனிபார்மில், கழுத்துவரை பட்டன் போட்டு, தட்டோடு நின்றார். நெற்றியிலிருந்து வேர்வை சொட்டிற்று.

"மேல் பட்டனக் கழட்டுங்களேன், ஏன் இப்படி வேர்க்குது?" என்றார் மேடம்.

"பரவால்ல மேடம்" என்றார் அவர். கழற்றினால் உள்ளே முட்டை தெரியும்.

சாயந்திரம் அறைக்கு வந்து யூனிபார்மைக் கழற்றிப் போட்டார். உள்ளே போட்டிருந்த சட்டையை அலசி, கொடி இல்லாததால் ஜன்னல் கம்பியில் விரித்துக் காயப்போட்டார். கீழே பட்டறை மூடும் சத்தம் கேட்டது. கட்டிலில், ஜன்னலில் முதுகு படும்படி உட்கார்ந்தார். எதிர்ச் சுவரில் சவரக் கண்ணாடி. அதில் கத்திரிக்காய் நிறமும் மஞ்சள் முட்டைகளும் தெரிந்தன; அதற்கு நடுவில் ஒரே ஒரு தலை.

பெருமாள்சாமி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தார்.